நூற்றெட்டு மில்லிமீட்டர் அகலமும் ஏழு பைகளும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி வெயிலில், எங்கள் தோட்டத்துக் கோயில் வாசலில், காலில் ஸ்கீ மாட்டிக்கொண்டு நான்கு எலுமிச்சம்பழங்களுக்கு முன்னால் நின்றேன்.

ஆமாம், ஸ்கீதான். பனிமலையில் சறுக்குவார்களே... அதே. இடம் — மலாக்கா மாநிலத்து மெர்லிமாவ். எங்கள் ஊரில் பனியைப் பார்க்க வேண்டுமென்றால் சீவிய ஐஸில் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் ஒரு கிண்ணம் வாங்கினால்தான் உண்டு.

"வண்டி எங்கம்மா?" என்று பூசாரி கேட்டார்.

"இதுதாங்க வண்டி" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி அம்மனை ஒரு பார்வை பார்த்தார்... 'தாயே, இதற்கும் நீதான் பொறுப்பு' என்கிற மாதிரி.

சிரிக்காதீர்கள். ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரர் குணாவைத் தெரியும். மெர்லிமாவில் டயர் கடை வைத்திருக்கிறார். உலகத்தில் எது நடந்தாலும் அதை டயர் வழியாகவே பார்ப்பவர். தாலி கட்டி முடித்து வெளியே வந்ததும் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை என்ன தெரியுமா? "கார்ல பின் டயர் காத்து கம்மியா இருக்கு, பார்த்து ஏறு."

புதிதாகப் படிப்பவர்கள் அவருடைய தங்கை மாலதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். மலாக்கா டவுனில் பல் டாக்டர். நல்லவள். சுறுசுறுப்பு. ஊர் சுற்றுவதென்றால் உயிர். வருடா வருடம் குடும்பத்தையே கிளப்பிக்கொண்டு போவதும் அவள்தான். என்னைப் பார்த்தால் மட்டும் அவள் வாயில் ஒரே ஒரு வாக்கியம் வரும்.

"அண்ணி, நீங்க பையைப் பார்த்துக்குங்களேன்."

இருபது வருடமாக இதே வாக்கியம்! கெந்திங்கில் ரோலர் கோஸ்டரா? நான் பையைப் பார்த்துக்கொண்டேன். லங்காவியில் கேபிள் காரா? பை. பாலியில் ஆற்றுப் படகா? பை, பை, பை. எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். எல்லோரும் மலை உச்சியில், கடல் அலையில், படகு முனையில் இருப்பார்கள். நான் ஏதாவது ஒரு பெஞ்சில் பைகளுக்கு நடுவே இருப்பேன்.

பையைப் பார்த்துக்கொள்வது சும்மா உட்காருகிற வேலை என்று நினைக்கிறீர்களா? செய்து பாருங்கள். ஒரு டீ வாங்கப் போக முடியாது. பக்கத்துக் கடையை எட்டிப் பார்க்க முடியாது. பாத்ரூம் வந்துவிட்டால்... கடவுள் விட்ட வழி.

நான்கு வருடமாக சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஜப்பான் போகிறோம். ஹொக்கைடோ. டயர் கடைக்கும் பூட்டு, பல் கிளினிக்குக்கும் பூட்டு. முதல் வருடம் நான் என்ன செய்தேன் என்று சொல்லவே வேண்டாம். இரண்டாம் வருடம் ஒருநாள் மாலதிக்குக் காய்ச்சல். "டிக்கெட் வீணாப் போகுது அண்ணி, நீங்க போங்களேன்" என்று கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னாள்.

போனேன். முதல் ஸ்கீ வகுப்பு. விழுந்தேன். எழுந்தேன். விழுந்தேன். ஆறு வயசுப் பிள்ளைகள் எல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போயின. சாயங்காலம் வகுப்பு முடிகிற நேரம் — ஒரு பத்தடி சறுக்கினேன்.

பத்தே அடி! ஆனால் அந்தப் பத்தடியில் என் வயசு காணாமல் போய்விட்டது. கிறுக்குப் பிடித்தது அன்றைக்குத்தான். மூன்றாம் வருடம் ஐந்து நாளும் காலையில் வகுப்புக்குப் போனேன். மத்தியானம் வழக்கம்போல பை. இடது பக்கம் திரும்பவும், வலது பக்கம் திரும்பவும், நினைத்த இடத்தில் நிற்கவும் கற்றுக்கொண்டேன். இதை வீட்டில் யாராவது கவனித்தார்களா? யார் கவனிப்பார்கள்? பை பத்திரமாக இருந்தால் போதுமே!

இந்த வருடம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாலதி குதித்தாள். "மக்களே, இந்தத் தடவை பவுடர்!"

பவுடர் என்றால், இயந்திரம் வைத்து அழுத்தாத புதுப்பனி. வானத்திலிருந்து விழுந்தது விழுந்தபடியே இடுப்பளவுக்குக் கிடக்கும். அதற்குள் இறங்கிச் சறுக்க வேண்டும். கூட்டிப்போக யூமிகோ என்று ஒரு வழிகாட்டி. அவர் போட்ட நிபந்தனை இரண்டு. ஒன்று, அகலமான ஸ்கீ வேண்டும். நடுப்பகுதி நூறு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு, காலையில் ஒரு சோதனைச் சரிவு வைப்பார். வழியில் நிற்காமல் இறங்குகிறவர்கள் பவுடருக்கு. நின்றுபோகிறவர்கள் அடிவார லாட்ஜில் காத்திருக்க வேண்டும்.

அடுத்த செய்தி எனக்கென்றே வந்தது. "அண்ணி, உங்களுக்கு டென்ஷனே வேணாம். லாட்ஜ்ல ஹாட் சாக்லேட் சூப்பரா இருக்குமாம். லாக்கர்தான் இல்லையாம். நீங்க பையைப் பார்த்துக்கிட்டா எங்களுக்கு நிம்மதி."

அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல் படம். போட்டது யார்? என் வீட்டுக்காரர்!

எனக்கு வந்ததே கோபம்... சோற்றுக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"என்னங்க, நான் ஸ்கீ வாங்கப் போறேன்."

"எதுக்கு சரோ? வாடகைக்குக் கிடைக்குமே."

"என் சைஸுக்கு அகலமான ஸ்கீ அங்க வாடகைக்கு இல்லையாம். மெசேஜ் போட்டுக் கேட்டுட்டேன். நானும் பவுடருக்கு வரேன்."

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம். "அப்ப பை?" என்று கேட்டார். மனுஷனுக்கு முதலில் வந்த கவலை அதுதான்!

"பை என்ன ஆனா எனக்கென்ன? நான் வரேன். அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூருக்குப் போனோம். குளிர்நாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடை. கடைக்காரர் சீன இளைஞர், பெயர் லிம். சுவரில் வரிசையாக ஸ்கீ. சிவப்பு, மஞ்சள், கறுப்பு... நகைக்கடைக்குள் நுழைந்த மாதிரி எனக்குக் கண் படபடவென்று அடித்துக்கொண்டது.

என் வீட்டுக்காரர் நேராகப் போய் ஒல்லியான ஒரு ஜோடியை எடுத்தார். "இது உனக்குக் கரெக்டா இருக்கும். ஒல்லியா, லேசா."

"அங்கிள், எங்க போறீங்க?" என்றார் லிம்.

"பவுடர்" என்றேன் நான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"பவுடர் ஆ? அப்ப இது முடியாது லா. ஆன்ட்டி பனிக்குள்ள போயிடுவாங்க. அகலமா எடுக்கணும்." உள்ளே போய் வேறு ஒரு ஜோடியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அடேங்கப்பா! பலகையா அது? கதவு மாதிரி இருந்தது. பச்சை நிறம். முன்முனை கோலா சுங்கை பாரு கடற்கரை மீன்பிடிப் படகு போல மேலே வளைந்திருந்தது. புதுப்பனியில் மூக்குக் குத்தாமல் மிதந்து வர வேண்டுமாம். அதற்காகத்தான் அந்த வளைவு. நீளமும் ஒரு கணக்கு. நிமிர்த்தி வைத்தால் என் மூக்குக்கு வந்தது. "ஆன்ட்டிக்கு அது போதும், அதுக்கு மேல போனா திருப்பக் கஷ்டம்" என்றார் லிம்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒப்பவில்லை. "இவ இருக்கிறதே இத்துனூண்டு. சின்னக் கப்சாய் மோட்டார் சைக்கிளுக்கு யாராச்சும் லாரி டயர் போடுவாங்களா?"

டயர் பேச்சா? வாங்க, பேசுவோம்.

"என்னங்க, செலண்டார் எஸ்டேட்ல மழைக்காலத்துல செம்பனைக் குலை ஏத்துற டிராக்டர் சேத்துல புதைஞ்சுதே, நீங்கதானே போனீங்க? என்ன டயர் மாத்துனீங்க?"

கையிலிருந்த ஒல்லி ஜோடியைத் திரும்பச் சுவரில் வைத்தார்.

"அகலமான டயர்" என்றார், வேண்டா வெறுப்பாக.

"ஏன்?"

"அகலமா இருந்தா பாரம் பரவும். புதையாது... ஆனா அது டிராக்டர் சரோ. நீ என்ன டிராக்டரா?"

லிம் மெல்ல நகர்ந்து கையுறைகளை அடுக்கப் போய்விட்டார். கல்யாணம் ஆனவர் போலிருக்கிறது.

"இருபது வருஷமா உங்க குடும்பத்துப் பை எல்லாத்தையும் இழுக்கிறவ டிராக்டர் இல்லாம வேற என்னவாம்?" என்றேன்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அது விளையாட்டு இல்லை என்று எனக்கே தெரிந்தது. அவரும் என் முகத்தைப் பார்த்தார். பச்சை ஸ்கீயை எடுத்துத் தடவினார்.

"லிம், இது எத்தனை அகலம்?" என்று கேட்டார்.

லிம் குனிந்து படித்தார். "நடுவுல ஒன் ஓ எய்ட், அங்கிள்."

"எவ்வளவு?"

"நூத்தி எட்டு மில்லிமீட்டர்ங்க" என்றேன்.

அவ்வளவுதான்! மனுஷன் ஸ்கீயை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நூற்றெட்டு! நூற்றெட்டு போற்றி, நூற்றெட்டு சுற்று, நூற்றெட்டுத் தேங்காய் என்று வளர்ந்தவர் அல்லவா? உலகத்து டயர் சாஸ்திரம் முழுவதும் சொல்லியும் அசையாதவர் அந்த ஒரு எண்ணில் அசைந்துவிட்டார்.

"இதையே கட்டுங்க" என்றார் லிம்மிடம். "வேற எதையும் பார்க்க வேணாம்."

பணம் கட்டும்போது லிம் ஒரு விஷயம் சொன்னார். "அடிப்பக்கத்தை மட்டும் கிளீனா வெச்சுக்குங்க ஆன்ட்டி. மெழுகு போட்டிருக்கு. ஏதாச்சும் ஒட்டுனா ஓடாது."

கேட்டோம். நன்றாகவே கேட்டோம். தலையையும் ஆட்டினோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமைதான் மேலே சொன்ன கோயில் காட்சி. புது வண்டி வாங்கினால் பூசை போடாமல் எடுப்போமா? அதுவும் நூற்றெட்டு எண் கொண்ட வண்டி! என் வீட்டுக்காரர் வாடகை ஸ்கீதான் எடுப்பார். அதற்குப் பூசை கிடையாது, அது அடுத்தவன் வண்டியாம்.

பூசாரி பலகையின் மேல்பக்கம் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார். நியாயமான மனிதர், அதோடு நிறுத்திக்கொண்டிருப்பார். என் வீட்டுக்காரர் விடவில்லை.

"ஐயா, வண்டின்னா சக்கரத்துக்கும் வைப்பீங்கல்ல? இதுக்குச் சக்கரம் அடியிலதான். அடிப்பக்கந்தான் ஓடுது."

பூசாரி யோசித்தார். டயர் கடைக்காரர் சக்கரத்தைப் பற்றிச் சொன்னால் யார் மறுப்பது? பலகையைக் கவிழ்த்தார்கள். மூன்று விரலால் பட்டையாக விபூதி. நடுவே குழைத்த சந்தனம், தாராளமாக. அதன்மேல் குங்குமம். இரண்டு பலகைக்கும். மஞ்சள் நூல் வேறு.

பிறகு எலுமிச்சம்பழம். கார் என்றால் ஏறி நசுக்கிவிட்டுப் போகும். நான் எப்படி நசுக்குவது? ஸ்கீ பூட்ஸ் மாட்டி, பலகையில் நின்று, தார் ரோட்டில் சர்க், சர்க் என்று தேய்த்துக்கொண்டு போனேன். பழம் நசுங்கவில்லை. உருண்டது. நானும் உருண்டேன். கோயிலுக்கு வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு அக்கா மட்டும் ஓடிவந்து தூக்கிவிட்டு, "ஏம்மா, இதுக்கு லைசென்ஸ் எல்லாம் வேணாமா?" என்று கேட்டார்.

பெட்டி கட்டும்போது அடிப்பக்கத்தைத் துடைக்கலாமா என்று ஈரத்துணியோடு நின்றேன். "சாமிக்கு வெச்சதைத் துடைப்பாங்களா? தானா உதிரட்டும்" என்றார் அவர். சொல்லப்போனால் எனக்கும் கை வரவில்லை. நீங்கள் துடைப்பீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!

இனி ஹொக்கைடோ.

சோதனை நாள். பல் கிடுகிடுக்கும் குளிர். வானம் நீலம், மலை வெள்ளை. மாலதி, அவள் கணவர், காலேஜ் படிக்கும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர். ஏழு பைகளை லாட்ஜ் பெஞ்சில் அடுக்கி வைத்துவிட்டு மேலே போனோம். "அண்ணி சோதனை முடிஞ்சதும் இங்க வந்துடுவாங்கல்ல, அதுவரைக்கும் இருக்கட்டும்" என்றாள் மாலதி. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் சொன்னாள். அதுதான் இன்னும் வலித்தது.

யூமிகோ சரிவின் மேலே நின்று கையை ஆட்ட, மாலதி குடும்பம் ஒவ்வொருவராக இறங்கியது. நால்வரும் பாஸ்.

என் முறை. அம்மா தாயே என்று ஒரு உந்து உந்தினேன்.

மூன்றடி போனேன். நின்றுவிட்டேன்.

நானாக நிற்கவில்லை. பலகை நின்றது! மறுபடி உந்தினேன். ஒரு அடி. மறுபடியும் நின்றது. சரிவில் நிற்கிறேன், கீழே விழவே மாட்டேன் என்கிறேன். உலகத்தில் ஸ்கீ போட்டுக்கொண்டு மலையில் ஒட்டிக்கொண்ட முதல் பெண் நானாகத்தான் இருப்பேன்.

கீழேயிருந்து மாலதி கத்தினாள். "அண்ணி, பரவால்ல! பயமா இருந்தா வேணாம்!"

பயமா? எனக்கா? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் கனவு, மூன்றடியில் முடிந்துவிட்டதா? பெஞ்சும் பைகளும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

யூமிகோ வந்து என் பலகையைக் கழற்றித் திருப்பினார். விபூதிப் பட்டையும் சந்தனமும் காய்ந்து, மெழுகோடு இறுகி, அதன்மேல் பனி கட்டிகட்டியாக ஒட்டியிருந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தார். "நல்ல வாசனை" என்றார் ஆங்கிலத்தில். "ஆனால் இது என்ன?"

எப்படிச் சொல்வது? "எங்கள் ஊர் இன்ஷூரன்ஸ்" என்றேன்.

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வெளுத்துப்போயிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் சொன்னதால் வைத்த சந்தனம், அவர் சொன்னதால் துடைக்காத சந்தனம். அப்படியே பனியில் மண்டியிட்டார். பர்ஸைத் திறந்து டோல் கார்டை எடுத்தார். மெர்லிமாவிலிருந்து கோலாலம்பூர் வரை டோல் கட்டும் அதே கார்டு. "மாரியாத்தா, மன்னிச்சுக்க" என்று முணுமுணுத்துவிட்டுச் சுரண்ட ஆரம்பித்தார்.

"பத்து நிமிடம்தான் இருக்கிறது" என்றார் யூமிகோ. "அதற்குப் பிறகு எல்லோரும் பவுடருக்குக் கிளம்ப வேண்டும்."

சர்ர், சர்ர் என்று சுரண்டினார். டயரில் மாட்டிய ஆணியைப் பிடுங்குகிற அதே முகம், அதே மூச்சு. சுரண்டிய சந்தனத்தைக் கீழே கொட்டாமல் ஒரு டிஷ்யூவில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், கால் படக் கூடாதாம். யூமிகோ ஒரு மெழுகுக் கட்டியைத் தந்தார். தேய்த்தார். கை சிவந்துபோயிற்று.

முடிந்தபோது யூமிகோ கடிகாரத்தைப் பார்த்தார். "சோதனைக்கு இன்னும் ஒருவருக்குத்தான் நேரம் இருக்கிறது. யார்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவரும் இன்னும் இறங்கவில்லை. மாலதியின் மெசேஜ் வந்த நாளிலிருந்து பவுடர் பவுடர் என்று அவரும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சரோ, நீ போ" என்றார்.

"நீங்க?"

மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் பையைப் பார்த்துக்கிறேன்."

இருபது வருடத்தில் அந்த வீட்டு ஆள் ஒருவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தது அன்றைக்குத்தான். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பலகையோடு எங்கே கட்டிக்கொள்வது? உந்தினேன்.

போயிற்று! வழுக்கிக்கொண்டு, வளைந்துகொண்டு, இடது, வலது, இடது, நிற்காமல் மாலதியின் காலடி வரைக்கும் போயிற்று. "அண்ணி! நீங்களா இது!" என்று அவள் வாயைப் பிளந்தாள். பல் டாக்டருக்கு அவ்வளவு பெரிய வாய் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் பவுடர்... எப்படிச் சொல்ல? முழங்காலைக் காணோம். பலகையைக் காணோம். சத்தமே இல்லை. நூற்றெட்டு மில்லிமீட்டரும் அடியில் கிடந்து என்னைத் தாங்கித் தாங்கி மேலே கொண்டுவந்தது. "ஓம் சக்தி!" என்று கத்தினேன். யூமிகோவும் திருப்பிக் கத்தினார், என்னவென்று தெரியாமலே! நான்கு தடவை தலைகுப்புற விழுந்தேன். மூக்கில் பனி, காதில் பனி, எங்கெங்கோ பனி. மாலதி ஒரு கையைப் பிடித்து இழுக்க, நான் சிரிக்க, என்னைப் பார்த்து அவளும் சிரித்து என் மேலேயே விழ... எழுந்திருக்கவே முடியவில்லை. ஐம்பதை எட்டப்போகிற ஒருத்தி இப்படியெல்லாம் கூவலாமா? கூவினேன். இப்போதும் இதை எழுதும்போது கால் தானாக ஆடுகிறது.

மூன்று மணி நேரம் கழித்து லாட்ஜுக்கு வந்தோம். பெஞ்சில் ஏழு பைகள். நடுவில் என் வீட்டுக்காரர், பைகளின் வார்களையெல்லாம் கையில் சுற்றிக்கொண்டு, முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு. கிட்டப் போனதும் துள்ளி எழுந்தார்.

"எங்க போனீங்க எல்லாரும்? மூணு மணி நேரமா பாத்ரூம் கூடப் போக முடியல, தெரியுமா?"

"தெரியும்ங்க" என்றேன். "இருபது வருஷமாத் தெரியும்."